பிறவி மச்சத்தில் புற்றுநோய் வருமா? மும்பைத் தமிழ்க் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தாராவி, சயான் பக்கம் தோல் மருத்துவம் பார்க்கிறேன். கைக்குழந்தையின் முதுகைத் திருப்பிக் காட்டும் தாய்மார்கள், கல்யாணத்துக்கு முன்னால் தங்கையின் கன்னத்து மச்சத்தை எடுத்துவிட வேண்டும் என்று வரும் அண்ணன்மார்கள், ஊரிலிருந்து வந்த பாட்டிமார்கள் எல்லோரும் கேட்பது பெரும்பாலும் இந்தக் கேள்விகளைத்தான். பயப்பட வேண்டாததற்குப் பயந்து தூக்கத்தைத் தொலைக்கிறோம், பயப்பட வேண்டியதைப் பார்லரில் கொண்டுபோய்ச் சுட்டுக்கொள்கிறோம். அதனால்தான் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பிறக்கும்போதே இருந்த மச்சம் பிற்காலத்தில் புற்றுநோயாக மாறுமா?

மிகச் சில மச்சங்கள் மாறலாம். பெரும்பாலானவை ஆயுசுக்கும் ஒன்றும் செய்யாது. எந்த வகை மச்சம், எவ்வளவு பெரியது என்பதைப் பொறுத்துத்தான் ஆபத்து.

கவனிக்க வேண்டியவை மூன்று வகை. முதலாவது, பழுப்பாகவோ கறுப்பாகவோ இருக்கும் பிறவி மச்சம். தோலுக்கு நிறம் கொடுக்கும் மெலனோசைட் செல்கள் ஒரே இடத்தில் கூட்டமாகத் தங்கிவிடுவதால் வருவது இது. நூறு குழந்தைகளில் ஒன்றிரண்டு பேருக்கு இருக்கும். இதில் வரக்கூடிய புற்றுநோயின் பெயர் மெலனோமா. இரண்டாவது, தலையில் முடி முளைக்காமல் மஞ்சளாகத் தெரியும் திட்டு. எண்ணெய்ச் சுரப்பிகளின் கோளாறு அது. செபேசியஸ் நீவஸ் என்போம். மூன்றாவது, ஒரு பக்கக் கண்ணைச் சுற்றி நெற்றி, கன்னம் வரை நீலமும் சாம்பலுமாகப் படர்ந்திருக்கும் ஓட்டா நீவஸ். இதில் தோலைவிடக் கண்ணைப் பற்றித்தான் அக்கறை வேண்டும். மெலனோமா விழிக்குள்ளே வர வாய்ப்பு உண்டு, அதைவிட அதிகமாகக் கண் அழுத்த நோயும் வரலாம். ஓட்டா நீவஸ் இருப்பவர்கள் வருடம் ஒருமுறை கண் மருத்துவரிடம் கருவிழிப் பாப்பாவை விரிய வைக்கும் சொட்டு மருந்து போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். பார்வை நன்றாகத்தானே இருக்கிறது என்று தள்ளிப்போடாதீர்கள்.

குழந்தையின் புட்டத்திலும் இடுப்பிலும் அடிபட்டது போல நீலமாக இருக்கிறதே?

நம் குழந்தைகளில் மிகப் பலருக்கு இருக்கும். மங்கோலியன் ஸ்பாட் என்பார்கள். சில வருடங்களில் தானாக மங்கிவிடும், புற்றுநோய்க்கும் அதற்கும் சம்பந்தமில்லை. உடம்பு முழுக்கப் பரவி, மங்காமலும் இருந்தால் மட்டும் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். சில பரம்பரை நோய்களோடு அப்படி வருவதுண்டு.

சிவப்பு மச்சம்?

பிறந்து சில நாளிலோ வாரங்களிலோ தோன்றி, வேகமாக வளர்ந்து, ஒரு வயதுக்குப் பிறகு மெல்லச் சுருங்கும் சிவப்புக் கட்டி ஹீமான்ஜியோமா. ரத்தக்குழாய்க் கட்டிதான், புற்றுநோய் அல்ல. கண் இமை, மூக்கு, உதடு, மூச்சுப்பாதை அருகே இருந்தால் சீக்கிரம் காட்ட வேண்டும், ஆனால் அதற்குக் காரணம் வேறு. பிறந்ததிலிருந்து தட்டையாக, திராட்சை ரச நிறத்தில் இருக்கும் போர்ட் ஒயின் திட்டும் புற்றுநோயாவதில்லை என்றே எடுத்துக்கொள்ளலாம். அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட திட்டுகளுக்குக் கதிர்வீச்சு கொடுத்தார்கள். அப்படிக் கொடுத்த இடங்களில் பல வருடம் கழித்துத் தோல் புற்றுநோய் வந்திருக்கிறது. உங்கள் வீட்டில் வயதானவர் யாருக்காவது சிறு வயதில் மச்சத்துக்குக் கரண்ட் வைத்தார்கள், லைட் வைத்தார்கள் என்று கதை இருந்தால் அந்த இடத்தை ஒருமுறை காட்டிவிடுங்கள்.

கறுப்பு மச்சத்தில் எதைப் பெரியது என்கிறீர்கள்?

வளர்ந்து ஆளான பிறகு எவ்வளவு இருக்கும் என்பதுதான் கணக்கு. 1.5 செ.மீ.க்குக் குறைவென்றால் சிறியது, 20 செ.மீ. வரை நடுத்தரம், அதற்கு மேல் பெரியது, 40 செ.மீ.யைத் தாண்டினால் ராட்சத மச்சம்.

பிள்ளை வளரும்போது மச்சமும் கூடவே வளரும். பிறந்த குழந்தையின் தலையில் உள்ளது ஏறக்குறைய 1.7 மடங்காகும், உடம்பிலும் கையிலும் உள்ளது 2.8 மடங்கு, காலில் உள்ளது 3.3 மடங்கு. ஆக, பிறந்த குழந்தையின் முதுகில் 8 செ.மீ. இருந்தால் பெரியவனானதும் சுமார் 22 செ.மீ. ஆகிவிடும், அது பெரிய மச்சக் கணக்கில் வரும். அதே 8 செ.மீ. தலையில் இருந்தால் 14 செ.மீ.யோடு நின்றுவிடும். நீளமான பக்கத்தை அளந்து, பிறந்த தேதியோடு குழந்தையின் ஃபைலில் எழுதி வையுங்கள்.

ஆபத்து எவ்வளவு?

சிறிய, நடுத்தர மச்சங்களில் வாழ்நாள் முழுவதையும் சேர்த்தாலும் நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. வந்தாலும் பெரும்பாலும் பருவ வயதுக்குப் பிறகு, மேல்தோலை ஒட்டியே தொடங்கும். அதனால் கண்ணில் படும், சீக்கிரம் பிடிக்கலாம்.

பெரிய, ராட்சத மச்சங்கள் 20,000 குழந்தைகளில் ஒருவருக்குத்தான் வரும். அவற்றில் மெலனோமா வாய்ப்பு நூற்றில் 2 முதல் 5. மச்சம் பெரிதாகப் பெரிதாக, சுற்றிலும் குட்டி மச்சங்கள் கூடக்கூட இது ஏறும். முதுகில் படர்ந்த ராட்சத மச்சத்துக்குத்தான் அதிகம். இதில் இன்னொரு சங்கடம், சின்ன வயதிலேயே வந்துவிடலாம், அதுவும் தோலின் ஆழத்தில் தொடங்கலாம். மேலே நிறம் மாறாமலே கீழே ஒரு கட்டி உருளும். அதனால்தான் பெரிய மச்சத்தைப் பார்த்தால் மட்டும் போதாது, தடவிப் பார்க்க வேண்டும் என்று ஒவ்வொரு தாயிடமும் சொல்கிறேன்.

நூற்றில் 5 என்றாலும் மீதி 95 பேருக்கு வருவதில்லை. ராட்சத மச்சத்தோடு பிறந்து, படித்து, வேலைக்குப் போய், பிள்ளை பெற்றவர்கள் இருக்கிறார்கள். இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கர்ப்பத்தில் கிரகணம் பார்த்ததால்தான் இப்படி ஆனது என்று மாமியார் சொல்கிறார். உண்மையா?

இல்லை. கருப்பையில் குழந்தை உருவாகும் ஆரம்ப வாரங்களில் ஒரே ஒரு செல்லில் நடக்கும் மரபணு மாற்றம்தான் காரணம். பெரிய மச்சங்களில் பெரும்பாலும் என்ஆர்ஏஎஸ் என்ற மரபணுவில் அந்த மாற்றம் இருக்கும். அந்த ஒரு செல்லின் வாரிசுகள் பரவிய இடம் முழுவதும் மச்சமாகிறது. அம்மாவிடமிருந்தும் அப்பாவிடமிருந்தும் வருவதல்ல, அம்மா சாப்பிட்டதாலோ பார்த்ததாலோ வெளியே போனதாலோ வருவதும் அல்ல.

பிரசவம் முடிந்து சில வாரங்களே ஆன பெண் பச்சைக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு இந்தப் பழியையும் சுமந்து வந்து உட்காருவதை அடிக்கடி பார்க்கிறேன். வீட்டுப் பெரியவர்கள் இதைப் படித்தால் தயவு செய்து அந்தப் பேச்சை விட்டுவிடுங்கள். அடுத்த குழந்தைக்கும் வருமா என்ற கேள்விக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: பொதுவாக அந்தப் பயம் வேண்டாம்.

நம்மைப் போலக் கறுத்த தோலுக்குத் தோல் புற்றுநோய் வராது என்கிறார்களே?

வெள்ளைக்காரர்களைவிட நமக்கு மிகக் குறைவு என்பது சரி. வராது என்பது தவறு. நமக்கு வரும் மெலனோமா பெரும்பாலும் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி போன்ற இடங்களில் வருகிறது. பாப் மார்லி 36 வயதில், 1981இல் இறந்தது கால்விரல் நகத்தடியில் தொடங்கிய மெலனோமாவால்தான். அதைக் கால்பந்து ஆடியதில் பட்ட காயம் என்று முதலில் நினைத்தார்கள். பிறவி மச்சத்தில் வருவதற்கு வெயில் முக்கியக் காரணமே அல்ல என்பதால், தோலின் நிறம் அங்கே பெரிய கவசமும் அல்ல.

மச்சத்தில் முடி வளர்கிறது, மேடாகிறது. கெட்ட அறிகுறியா?

இல்லை. பிறவி மச்சத்தில் கரடுமுரடான முடி வளர்வது சகஜம். வயது ஏற ஏற மேடாவதும், சுருக்கம் விழுவதும், நிறம் கொஞ்சம் கூடுவதும் குறைவதும் சகஜம். பெரிய மச்சம் உள்ள பிள்ளைகளுக்கு முதல் சில வருடங்களில் உடம்பில் வேறு இடங்களில் குட்டி மச்சங்கள் புதிதாக வரும்; அதுவும் பரவுதல் அல்ல. அந்தத் தோல் வறண்டு அரிக்கும். தேங்காய் எண்ணெயோ வாசனையில்லாத மாய்ஸ்சரைசரோ தடவலாம். முடியைக் கத்தரிக்கலாம், ட்ரிம்மர் போடலாம். அதனால் புற்றுநோய் வராது.

அப்படியென்றால் எப்போது தாமதிக்காமல் காட்ட வேண்டும்?

மச்சத்துக்குள் ஒரு புள்ளி மட்டும் மற்ற இடத்தைவிட வேகமாக வளர்ந்தால். கெட்டியான உருண்டை கையில் தட்டுப்பட்டால். அடிபடாமல் ரத்தம் கசிந்தால், புண்ணாகி ஆறாமல் இருந்தால். ஒரு இடம் திடீரென்று கருநீலமாகவோ, நேர்மாறாக இளஞ்சிவப்பாக நிறமே இல்லாமலோ மாறினால். வலித்தால். அக்குளிலோ தொடை இடுக்கிலோ கழுத்திலோ நெறி கட்டினால்.

இளஞ்சிவப்பு உருண்டையைக் குறிப்பாகச் சொல்லக் காரணம் உண்டு. புற்றுநோய் என்றால் கறுப்பாக இருக்கும் என்று எல்லோரும் நம்புகிறார்கள். குழந்தைகளில் அது கொசுக்கடி போல, பரு போலச் சிவந்த மொட்டாகவும் வரும். களிம்பு போட்டுப் பார்க்கலாம் என்று இரண்டு மாதம் ஓடிவிடும். மச்சத்துக்குள் வந்த பரு இரண்டு மூன்று வாரத்தில் அடங்கவில்லை என்றால் அதைப் பரு என்று நினைக்காதீர்கள்.

அதே சமயம், பிறந்த குழந்தையின் ராட்சத மச்சத்தில் வரும் உருண்டைகள் பெரும்பாலும் சாதுவானவையே, அதாவது புற்றுநோய் அல்லாதவையே. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால்கூட மெலனோமா போலக் குழப்பும். அதனால் அப்படி ஒரு ரிப்போர்ட் வந்தால் உடைந்துபோகாமல், குழந்தைகளின் தோல் பயாப்சி (வெட்டி எடுத்த திசுவைச் சோதிப்பது) பார்த்துப் பழகிய பாத்தாலஜிஸ்ட், அதாவது திசுவை மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் மருத்துவர் ஒருவரிடம் ஸ்லைடைக் (திசு வைத்த கண்ணாடித் தகட்டை) கொடுத்து இரண்டாவது கருத்து வாங்குங்கள்.

வீட்டில் எப்படிக் கண்காணிப்பது?

போன் இருக்கிறது, அது போதும். பகல் வெளிச்சத்தில், ஜன்னல் பக்கம் நிற்க வைத்து, மச்சத்தின் ஓரமாகப் பள்ளிக்கூட ஸ்கேலையோ பத்து ரூபாய் நாணயத்தையோ வைத்து எடுங்கள். பத்து ரூபாய் நாணயத்தின் குறுக்களவு 27 மி.மீ., எங்கும் கிடைக்கும். முழு மச்சமும் தெரிய ஒரு படம், கிட்டத்தில் ஒரு படம். ஃபிளாஷ் வேண்டாம், பளபளத்து நிறம் மாறிவிடும். ஃபில்டர் வேண்டவே வேண்டாம். முதல் ஐந்து வயது வரை பெரிய மச்சத்தை மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுங்கள். சிறிய மச்சத்துக்கு வருடத்துக்கு ஒருமுறை போதும்.

அப்புறம், குளிப்பாட்டும்போது சோப்பு நுரையோடு விரல் நுனியால் மச்சம் முழுவதையும் மெல்லத் தடவுங்கள். வழுக்கும்போது சின்ன உருண்டைகூட விரலில் தட்டுப்படும். நான் பார்த்த ஒரு குழந்தையின் தோளில் இருந்த கட்டியைப் பாட்டிதான் எண்ணெய் தேய்க்கும்போது கண்டுபிடித்தார். சோளப்பொரி விதை அளவுதான் இருந்தது, நிறத்தில் துளி வித்தியாசம் இல்லை. எடுத்துச் சோதித்ததில் சாதுவானது என்று வந்தது. ஆனால் கண்டுபிடிக்க வேண்டிய முறை அதுதான்.

எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்கிறார்கள். தோலில் உள்ள மச்சத்துக்கு மூளையை ஏன் பார்க்க வேண்டும்?

தோலும் நரம்பு மண்டலமும் கருவில் நெருங்கிய உறவு. ராட்சத மச்சமோ பிறக்கும்போதே பல மச்சங்களோ இருக்கும் சில குழந்தைகளுக்கு அதே நிறமிச் செல்கள் மூளையிலும் தண்டுவட உறையிலும் இருக்கும். பலருக்கு அதனால் ஒன்றும் ஆகாது. சிலருக்கு வலிப்பு, வளர்ச்சித் தாமதம், தலையில் நீர் கோர்ப்பது என்று வரலாம். அரிதாக மெலனோமா மூளையிலேயே தொடங்கலாம்.

முதல் ஆறு மாதத்துக்குள் எடுத்தால்தான் படம் தெளிவாகத் தெரியும். பிறகு நரம்புகளைச் சுற்றி மயலின் உறை கூடக்கூட அந்தச் செல்கள் மறைந்துகொள்ளும். இன்னொரு வசதி, சில வாரக் குழந்தையைப் பால் கொடுத்துத் துணியில் சுற்றித் தூங்க வைத்தே பல இடங்களில் எடுத்துவிடுகிறார்கள், மயக்க மருந்து தேவைப்படுவதில்லை. மருத்துவர் சொன்னால் அடுத்த மாதம், ஊருக்குப் போய்விட்டு வந்து என்று தள்ளாதீர்கள். எம்.ஆர்.ஐ.யில் எக்ஸ்ரே கதிர் இல்லை.

பிள்ளைக்கு மொட்டை அடித்தபோது தலையில் மஞ்சளாக ஒரு திட்டு தெரிந்தது. என்ன அது?

செபேசியஸ் நீவஸாக இருக்கலாம். 1895இல் ஜடாசோன் என்ற மருத்துவர் விவரித்தது. நம் வீடுகளில் இது பிடிபடுவதே பெரும்பாலும் குலதெய்வக் கோயிலிலோ திருச்செந்தூரிலோ முதல் மொட்டை போடும் அன்றுதான். முடி இல்லாத, வழுவழுப்பான, மஞ்சள் கலந்த ஆரஞ்சு நிறத் திட்டு. கிட்டத்தில் பார்த்தால் ஆரஞ்சுத் தோல் போலத் துளித்துளியாக இருக்கும். பருவ வயதில் ஹார்மோன் ஏறும்போது தடித்துப் பாலுண்ணி போல மேடாகும்.

பழைய பாடப்புத்தகங்களில் பத்தில் ஒருவருக்கும் அதற்கு மேலும் புற்றுநோயாகும் என்று எழுதியிருந்ததால், எல்லாப் பிள்ளைகளுக்கும் வெட்டி எடுத்தார்கள். பிறகு பழைய ஸ்லைடுகளைத் திரும்பப் பார்த்தபோது, அவற்றில் பல டிரைக்கோபிளாஸ்டோமா என்ற சாதுவான கட்டிகள் என்று தெரிந்தது. உண்மையான பேசல் செல் கார்சினோமா என்ற தோல் புற்றுநோய் நூற்றில் ஒருவருக்கு அல்லது அதற்கும் குறைவு, அதுவும் வயது வந்த பிறகு. குழந்தைகளில் மிக அபூர்வம். ஆகவே அவசரம் இல்லை. பிள்ளை வளர்ந்து, தானே உட்கார்ந்து மரப்பு ஊசியில் எடுத்துக்கொள்ளும் வயது வரை காத்திருக்கலாம். எடுக்காமலே கவனித்தும் வரலாம். புதிதாக உருண்டை, புண், ரத்தம் என்றால் மட்டும் காத்திருக்கக் கூடாது.

மொட்டை போடுகிறவரிடம் முன்னாலேயே அந்த இடத்தைக் காட்டிச் சொல்லுங்கள். மேடான திட்டில் சவரக்கத்தி பட்டால் ரத்தம் நிற்காமல் வரும். அந்த இடத்தில் ட்ரிம்மர் போடச் சொல்லலாம். மொட்டை போட்ட அன்றே ஒரு படமும் எடுத்து வைத்துவிடுங்கள்.

சுண்ணாம்பும் சோடாவும் வைத்தால் மச்சம் உதிர்ந்துவிடும் என்கிறார்கள். பார்லரில் ஐந்து நிமிடத்தில் சுட்டு எடுக்கிறார்கள். அதைச் செய்யலாமா?

செய்யாதீர்கள். இந்தப் பக்கத்தில் நீங்கள் ஒரே ஒரு பதிலை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதாக இருந்தால் இதை வையுங்கள்.

சுண்ணாம்பு, சலவைச் சோடா, சேராங்கொட்டை, முந்திரிக்கொட்டைப் பால், எருக்கம்பால் எல்லாமே தோலை அரித்துப் புண்ணாக்கும். மேல் நிறம் உரிந்து வருவதைப் பார்த்து மச்சம் போய்விட்டது என்று நம்புவோம். பிறவி மச்சத்தின் செல்கள் தோலுக்குள் ஆழமாக, முடிக்கால்கள் வரை இறங்கியிருக்கும், அவை அங்கேயே இருக்கும். மேலே தழும்பு, கீழே மச்சம். குதிரைமுடி கட்டுவதும் நூல் கட்டுவதும் தொங்கும் பாலுண்ணிக்கே சரியில்லை, மச்சத்துக்குச் சொல்லவே வேண்டாம்.

பார்லர் சூடு இன்னும் மோசம் என்பேன். காரணம், எடுத்த சதை கையில் இருப்பதில்லை. கருகிப்போனதை மைக்ராஸ்கோப்பில் பார்க்க முடியாது. அது சாதாரண மச்சமா, உள்ளே ஏதாவது ஆரம்பித்திருந்ததா என்பது கடைசி வரை யாருக்கும் தெரியாது.

கன்னத்தில் சின்னப் பிறவி மச்சம் இருந்த ஒரு பெண். நிச்சயதார்த்தத்துக்கு முன்னால் பக்கத்தில் இருந்த ஒரு பார்லரில் சுட்டிருக்கிறார்கள். இரண்டு மாதத்தில் வெள்ளைத் தழும்பின் நடுவே கறுப்புக் கோடுகள் முளைத்தன. திரும்பவும் சுட்டார்கள். மூன்றாம் தடவை முளைத்தபோது என்னிடம் வந்தாள். தோலைப் பெரிதாக்கிக் காட்டும் டெர்மோஸ்கோப்பில் பார்த்தால் கோடுகள் தாறுமாறாக இருந்தன. எனக்கே வயிற்றைக் கலக்கியது. பாதி எடுத்த மச்சம் தழும்புக்குள் திரும்ப வளரும்போது மெலனோமாவை அப்படியே உரித்து வைத்தது போலத் தெரியும், பாத்தாலஜிஸ்டுக்கும் குழப்பம் வரும். பழைய திசு இருந்திருந்தால் ஒப்பிட்டு ஒரு நாளில் முடிவு சொல்லியிருக்கலாம். அது இல்லாததால் முழுவதும் வெட்டி, இரண்டு இடத்தில் ஸ்லைடைக் காட்டி, அந்த வீடு பல வாரம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இருந்தது. கடைசியில் மெலனோமா இல்லை. அழகாக எடுத்திருக்க வேண்டிய ஒரு சின்ன மச்சத்துக்காக இப்போது கன்னத்தில் நீளமான தழும்பு.

அழகுக்காக மச்சத்தை எடுக்க நினைப்பதில் தவறே இல்லை. தோல் மருத்துவரிடமோ பிளாஸ்டிக் சர்ஜனிடமோ போய் வெட்டி எடுங்கள். எடுத்ததை ஃபார்மலின் பாட்டிலில் போட்டு பயாப்சிக்கு அனுப்பச் சொல்லுங்கள். வேண்டாம், சாதாரண மச்சம்தான் என்று அவர் சொன்னாலும் அனுப்பச் சொல்லுங்கள்.

லேசர் செய்யலாமா?

ஓட்டா நீவஸுக்கு லேசர் நல்ல சிகிச்சை. பழுப்பு, கறுப்புப் பிறவி மச்சத்துக்கு நான் பரிந்துரைப்பதில்லை. மேல் நிறம் மங்கும், ஆழத்துச் செல்கள் தங்கும், பெரும்பாலும் நிறம் திரும்பி வரும். ஆபத்து குறையாது, கண்காணிப்பதுதான் கடினமாகும்.

பயாப்சி செய்தால், கத்தி பட்டால், பரவிவிடும் என்கிறார்களே?

பரவாது. கத்தி படாமல் வைத்திருந்து தாமதமாவதில்தான் பரவுகிறது. மெலனோமாவில் எல்லாமே ஆழத்தைப் பொறுத்தது. 1 மி.மீ.க்குள் இருக்கும்போது எடுத்தால் பெரும்பாலானவர்கள் அறுவையோடு குணமாகிவிடுகிறார்கள்.

ராட்சத மச்சம் முழுவதையும் வெட்டி எடுத்துவிட்டால் நிம்மதிதானே?

முழு நிம்மதி என்று சொல்ல முடியாது. முதுகு முழுக்கப் படர்ந்ததைத் துளி விடாமல் எடுப்பது பெரும்பாலும் முடியாத காரியம், சதைக்குள்ளும் செல்கள் இறங்கியிருக்கலாம். மெலனோமா வேறு இடத்தில், மூளையில்கூட, தொடங்கலாம். அறுவை ஆபத்தைப் பூஜ்யமாக்குவதில்லை. இன்றைக்குப் பல மருத்துவர்கள் புற்றுநோய்ப் பயத்துக்காக மட்டும் எல்லாக் குழந்தைக்கும் கத்தி வைப்பதில்லை.

ஆனால் முகத்தில் இருப்பது, அடிக்கடி கிழிந்து புண்ணாவது, கட்டி வந்திருப்பது, பிள்ளையின் மனதை வாட்டுவது என்றால் செய்யலாம். நடுத்தர மச்சத்தை இரண்டு மூன்று தடவையாகக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டித் தைப்பார்கள். பெரியதற்கு, பக்கத்தில் உள்ள நல்ல தோலுக்கு அடியில் சிலிக்கான் பை ஒன்றை வைத்து, வாராவாரம் ஊசியால் உப்புநீர் ஏற்றுவார்கள். கர்ப்பத்தில் வயிறு விரிந்து கொடுப்பது போல அந்தத் தோல் விரியும். இரண்டு மூன்று மாதத்தில் பையை எடுத்துவிட்டு, விரிந்த தோலை இழுத்து மச்சம் இருந்த இடத்தை மூடுவார்கள். பல மாதம் இழுக்கும் வேலை. பள்ளி லீவு, தையல், வலி, செலவு எல்லாவற்றையும் சர்ஜனிடம் விலாவாரியாகக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். பிள்ளை விவரம் தெரிந்த வயது என்றால் அதனிடமும் கேளுங்கள்.

வெயில் படக் கூடாதா?

விளையாட விடுங்கள். மே மாத நண்பகலில் மைதானத்தில் நின்றால் முழுக்கை பருத்திச் சட்டை, தொப்பி. மூடாத இடத்துக்கு எஸ்.பி.எஃப். 30 சன்ஸ்கிரீன். ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு நிழலும் துணியும் மட்டும்.

புற்றுநோய் என்றே உறுதியானால் என்ன செய்வார்கள்?

பேசல் செல் கார்சினோமா என்றால் வெட்டி எடுத்தால் பெரும்பாலும் முடிந்தது, பரவுவது அபூர்வம். மெலனோமா என்றால் சுற்றிலும் 1 முதல் 2 செ.மீ. நல்ல தோலையும் சேர்த்து எடுப்பார்கள். ஆழம் அதிகமென்றால் பக்கத்து நெறிகளில் (நிணநீர் முடிச்சுகளில்) முதலாவதை எடுத்துச் சோதிப்பார்கள். பரவியிருந்தால் பெம்புரோலிசுமாப், நிவோலுமாப் போன்ற, உடம்பின் நோய் எதிர்ப்புச் சக்தியையே புற்றுநோய்க்கு எதிராக வேலை செய்ய வைக்கும் மருந்துகள் உண்டு. திசுவில் எந்த மரபணு மாறியிருக்கிறது என்று பார்த்து அதற்கேற்ற மாத்திரைகளும் உண்டு. விலை அதிகம், எல்லோருக்கும் பலிப்பதும் இல்லை. குழந்தைகளின் ராட்சத மச்சத்தில், அதிலும் மூளையில் வரும் மெலனோமாவுக்கு இன்னும் நல்ல மருந்து இல்லை. மறைத்துப் பேசுவதில் பயனில்லை என்பதால் சொல்கிறேன்.

மும்பையில் எங்கே காட்டுவது?

முதலில் பக்கத்தில் உள்ள தோல் மருத்துவர். தாராவி, சயான், ஆன்டாப்ஹில் பக்கம் இருப்பவர்களுக்கு மாநகராட்சியின் லோகமான்ய திலக் மருத்துவமனை, அதாவது சயான் ஆஸ்பத்திரி. தோல் பிரிவும் பிளாஸ்டிக் சர்ஜரியும் அங்கேயே உண்டு. காலையில் சீக்கிரம் போய்க் கேஸ் பேப்பர் எடுத்து ஸ்கின் ஓ.பி.டி.யில் உட்காருங்கள். பிறந்ததிலிருந்து இருக்கிறது என்பதை மறக்காமல் சொல்லுங்கள். இந்தியில் "ஜனம் ஸே ஹை" என்றால் போதும். கூட்டத்தில் அதைச் சொல்லாமல் விட்டால் சாதாரண மச்சம் என்று எழுதி அனுப்பிவிட வாய்ப்பு உண்டு.

பரேலில் கே.இ.எம். ஆஸ்பத்திரி, குழந்தைகளுக்கான வாடியா, 1941இல் தொடங்கிய டாடா மெமோரியல் புற்றுநோய் ஆஸ்பத்திரி மூன்றும் நடக்கிற தூரத்தில் இருக்கின்றன. டாடாவுக்குப் போக வேண்டியது புற்றுநோய் உறுதியானாலோ, பலமாகச் சந்தேகப்பட்டாலோதான். வெளியே பயாப்சி எடுத்திருந்தால் ரிப்போர்ட் மட்டும் போதாது. ஸ்லைடையும் மெழுகு பிளாக்கையும் (திசுவைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டியையும்) லேபிலிருந்து வாங்கிக்கொண்டு போங்கள். அவர்களே திரும்பப் பார்ப்பார்கள். ரேஷன் கார்டு, ஆதார் கையில் இருக்கட்டும். மகாராஷ்டிர அரசின் ஜோதிபா புலே காப்பீட்டுத் திட்டத்துக்குக் கேட்பார்கள். ரேஷன் கார்டு இன்னும் ஊரில்தான் இருக்கிறது என்றால் டாடாவின் சமூக சேவைப் பிரிவில் முதல் நாளே சொல்லுங்கள். காசில்லை என்று பாதியில் திரும்பிப் போவதற்கு முன்னால் அவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

பள்ளிச் சான்றிதழில் அங்க அடையாளமாக எழுதிய மச்சத்தை எடுத்துவிட்டால் சிக்கல் வருமா?

அதற்காக அறுவையைத் தள்ளிப்போட வேண்டாம். எந்த இடத்து மச்சம், எந்தத் தேதியில் எடுத்தது என்று டிஸ்சார்ஜ் கார்டில் தெளிவாக எழுதி வாங்குங்கள். கேட்டால் தழும்பையும் அந்தக் காகிதத்தையும் காட்டலாம்.

பயாப்சி ரிப்போர்ட்டை எவ்வளவு காலம் வைத்திருக்க வேண்டும்?

ஆயுசுக்கும். போனில் படம் எடுத்து வீட்டில் இரண்டு பேரிடம் இருக்கட்டும். வீடு மாறும்போது, ஊருக்குத் திரும்பும்போது முதலில் தொலைவது இந்தக் காகிதம்தான். லேபுகள் பிளாக்கைச் சில வருடங்களுக்குப் பிறகு அழித்துவிடுவதுண்டு. எழுதிக் கொடுத்துக் கேட்டால் உங்களிடமே தருவார்கள். வாங்கி, பிள்ளையின் பெயரும் தேதியும் எழுதிய டப்பாவில், சூடு படாத இடத்தில், தடுப்பூசி அட்டையோடு வையுங்கள்.